கூடாரத்தின் மேல்துணி

மே 19, திங்கள்

கத்திரி வெயில். காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடையில் வேலை செய்கிற சேகரோடு வண்டியெடுத்து மலைக்கு. கச்சிராயபாளையம் தாண்டி ஏறின பிறகுதான் மூச்சு வந்தது.

வெள்ளிமலைக்கு மேலே பெங்களூர் கம்பெனி நடத்திய பாட்டுத் திருவிழா நேற்றோடு ஓய்ந்தது. மேடை, ஜெனரேட்டர், தகரக் கக்கூஸ் எல்லாம் நம் பந்தல் கடையிலிருந்து போனவை. பிரித்து இறக்கும் வேலை. போய்ப் பார்த்தால் காடு பூரா டெண்ட். நீலம், பச்சை, ஆரஞ்சு. உள்ளே ஆள் இல்லை. பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் காரேறிப் போய்விட்டார்களாம். மடிக்கத் தெரியவில்லையாம். புதுசாக வாங்கி, இரண்டு ராத்திரி படுத்து, அப்படியே போட்டுவிட்டுப் போகிற மகராசன்கள். எங்கப்பா ஒரு பந்தல் துணியை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்.

டெண்டுகளுக்குள் கிடந்தவை: தூங்குகிற பை. ரப்பர் பாய். சின்னச் சின்ன சோலார் லைட்டு. ஒற்றைச் செருப்பு. பாட்டில். பாதி தின்ற பிரெட்டில் எறும்பு. ஒன்றில் வாந்தி. அதைச் சேகர் கழுவினான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

நிலத்துக்காரர் மலைக்காரர். சாமை விதைக்கிற காடு. இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அல்லாத்தையும் அள்ளிக்கினு போயிடுங்க. மழைக்கு முன்ன ஏர் ஓட்டணும். எங்களுக்கு ஒண்ணு குடுங்கன்னு கேக்க மாட்டோம், பயப்படாதீங்க."

வாய்க்கொழுப்பு. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

கம்பெனிப் பையன் ஒருத்தன், தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டவன் (பெயர் வாயில் நுழையவில்லை, கொண்டை என்றே எழுதுகிறேன்), சொன்னது: "அங்கிள், இதையெல்லாம் வீடில்லாதவங்களுக்குக் கொடுத்துடுங்க. போட்டோ மட்டும் அனுப்புங்க, எங்க பேஜ்ல போடணும்."

வீடில்லாதவர்களாம். அவர்களைத் தேடி நான் எங்கேயும் போக வேண்டாம். என் கடை வாசற்படியிலேயே இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள்.

மே 20, செவ்வாய்

கண்ணாடிக்காரன் வந்து கடை முகப்பை அளந்தான். முழுக்கக் கண்ணாடி, உள்ளே விளக்கு. பந்தல் கடை என்றாலே கோணிச்சாக்கும் கொம்புமாகத்தான் இருக்க வேண்டுமா? இந்தக் கடைத்தெருவில் முதல் ஆளாக நான் மாற்றுகிறேன். அளந்தவன் கீழே பார்த்துக் கேட்டான்: "இவங்க இங்கியே படுத்துக்கினு இருந்தா எப்பிடி சார்?"

இவங்க: கோவிந்தம்மா, அவள் புருஷன் ராமசாமி. இரண்டு பேரும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டினவர்கள். அவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. குடிசை இருந்த இடத்தை மனைக்காரன் விற்றுவிட்டான். அதிலிருந்து ராத்திரியானால் என் படி. ஷட்டரை இறக்கினதும் வந்து சாக்கை விரிப்பாள். விடியுமுன் சுருட்டிக்கொண்டு, வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அவனை நடத்திக் கூட்டிப் போய்விடுவாள். இந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் இதே கதைதான். படியில் படுக்கிறவர்கள் வாசல் தெளிக்க வேண்டும். யாரும் யாரோடும் பேசி வைத்ததில்லை.

ஆனால் அவன் இருமல். அந்த மூத்திர பாட்டில். கண்ணாடிக்கு முன்னால் இதெல்லாம் இருந்தால் எவன் கல்யாண ஆர்டர் கொடுப்பான்?

துரத்திவிடப் போகிறேன் என்று மல்லிகாவிடம் சொன்னேன். வந்தது பெண்டாட்டி ராஜ்யம்.

"தொரத்திட்டு வாசல் யாரு தெளிப்பாங்க? நீங்க தெளிக்கிறீங்களா? ஒரு பக்கம் வெளங்காத மனுசன இட்டுக்கினு அவ எங்க போவா? ஊர்ல எவனாவது நல்லா சொல்லுவானா உங்கள?"

கடைசிக் கேள்வி மட்டும் உறைத்தது. உட்கார்ந்து யோசித்தேன். துரத்தினால் பாவம். டெண்ட் கொடுத்து அனுப்பினால் புண்ணியம். ஆளும் காலி, பேரும் வரும். நானே என் முதுகைத் தட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு (ஜவுளிக்கடை) போன். துள்ளிக் குதித்தார். "பிரமாதம்ங்க! பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இருக்கறவங்களையும் சேத்துக் குடுத்துடலாம். தெருவே சுத்தமாயிடும்."

மே 22, வியாழன்

குடோன். சேகர் ஒரு டெண்டை நிறுத்திக் காட்டினான். இரண்டு அடுக்கு. உள்ளே வலை, கொசுவலை மாதிரி. அதற்கு மேலே தனியாக ஒரு துணி, கொக்கி போட்டு மாட்டுவது.

அந்த மேல்துணியைத் தொட்டேன். விட மனசு வரவில்லை. பந்தல்காரன் கை அப்படி. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன், முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. எடையே இல்லை. நம் தார்ப்பாய் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்குகிற கனம். போன மாதம் கல்யாணத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் நனைந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவு வந்தது. போட்டுப் பார்த்தேன், பாக்ஸுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது.

"மேல்துணி எல்லாத்தையும் கழட்டி அந்தப் பக்கம் போடு" என்றேன்.

"அண்ணே, ரெண்டும் சேந்தாத்தாண்ணே டெண்டு."

"தெரியும்டா. வெயில் காலம். அவங்களுக்குக் காத்து வேணுமா இல்லியா?"

தலையைச் சொறிந்தான். கழற்றினான்.

தூங்குகிற பை: இந்த வெக்கையில் எவன் நுழைவான்? குடோனில் இருக்கட்டும். ரப்பர் பாய்: மல்லிகா வடாம் காயப்போட எடுத்துக்கொண்டாள். மிச்சம் தலைவர் வீட்டு அம்மாவுக்கு, யோகா செய்கிறார்களாம்.

ஆக மொத்தம் தானம்: வலை, கம்பி, லைட்டு.

மே 24, சனி

விழா. ஏரிக்கரை ஓரம் காலி இடத்தில். நம் பந்தல், நம் மைக், நம் சேர். தலைவர் பேச்சு நீண்டது. "வானமே கூரையாக வாழும் இவர்களுக்கு" என்று ஆரம்பித்தார். நான் டெண்டைப் பார்த்தேன். இனிமேலும் வானம்தான் கூரை. சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோவிந்தம்மா காலையிலேயே முரண்டு பிடித்தாள்.

"எங்களுக்கு இந்தப் படியே போதும் மொதலாளி."

"இன்னா கோவிந்தம்மா, வூடு குடுத்தா வாணான்றியே. ஊர்ல அவனவன் இதுக்கு அலையறான்."

"அங்க ஆள் இல்ல, அக்கம் பக்கம் இல்ல. இவர வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"தலைவரு வராரு, பேப்பர்காரங்க வராங்க. என் மானத்த வாங்காத."

சாக்கைச் சுருட்டினாள். ராமசாமியைச் சேகர் தூக்கிக்கொண்டு வந்து டெண்டுக்குள் உட்கார வைத்தான். கோவிந்தம்மா வலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஓட்ட ஓட்டயா இருக்குதே. மய பேஞ்சா?"

"மே மாசத்துல இன்னா மய?"

எல்லோருக்கும் சால்வை, பிரியாணிப் பொட்டலம் (தலைவர் உபயம், முட்டையைக் காணோம்). போட்டோக்காரன் ராமசாமியைச் சிரிக்கச் சொன்னான். வாயின் ஒரு பக்கம்தான் மேலே போயிற்று. பாதிச் சிரிப்பு. கொண்டைக்கு இந்த மாதிரிப் படம்தான் பிடிக்கும் என்று அதையே அனுப்பினேன். ஒரு கும்பிடு, ஒரு இதயம் பதில் வந்தது.

சாயங்காலம் படியில் யாருமில்லை. பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னேன்.

மே 27, செவ்வாய்

கண்ணாடி மாட்டியாயிற்று. தெருவே நின்று பார்க்கிறது. படி ஓரத்தில் கூர் கூராக இரும்புப் பட்டை வைத்தேன், நாய்கூடப் படுக்க முடியாது. பக்கத்து நகைக்கடைக்காரர் அவர் கடை வாசலுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஆள் விலாசம் கேட்டார்.

டெண்ட் நிலவரம், சேகர் சொன்னது: ஒருவன் விற்றுக் குடித்துவிட்டான். ஒருத்தி ஆட்டுக்குட்டி கட்டுகிறாள். பூ விற்கிற கிழவர் மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டார். டீக்கடைக்காரன் விடவில்லையாம். "பேப்பர்ல பல்லக் காட்டிக்கினு நின்னியே, போ, அங்க போயிப் படு." இப்போது ஊரில் யாரும் யாரையும் படியில் சேர்ப்பதில்லை. அதான் வூடு குடுத்தாச்சே என்கிறார்கள். தலைவருக்குப் பரம திருப்தி.

வீட்டில் மட்டும் குருக்ஷேத்திரம். கடை வாசல் தெளிக்க ஆள் இல்லை. மல்லிகா குனிந்து தெளித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலை டிபனுக்கே என்னைப் பொரித்துவிட்டாள்.

மத்தியானம் கோவிந்தம்மா வந்தாள். கண்ணாடியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நான்தான் வெளியே போனேன்.

"டெண்டுல லைட்டப் போட்டா உள்ள இருக்கறது பூரா வெளிய தெரியுது மொதலாளி. அவருக்கு வேட்டி மாத்தணும், தொடைக்கணும். குடிகாரனுங்க வரப்புல ஒக்காந்துக்கினு பாக்கறானுங்க. நேத்து ஒருத்தன் விசில் அடிக்கறான், சினிமா கொட்டாயி மாரி."

"லைட்ட நிறுத்திட்டுப் பண்ணு."

"இருட்டுல எப்பிடித் தொடைக்கறது? மேல போத்தறதுக்கு எதுனா பழைய துணி இருந்தா குடுங்க. உங்ககிட்ட இல்லாத துணியா?"

"பாக்கலாம்."

அவள் போன பிறகு சிரிப்பு வந்தது. சினிமாக் கொட்டாய்! சேகரிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. இவனுக்கு வரவர மரியாதை கம்மி.

மே 29, வியாழன்

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு விவசாயி வீட்டுக் கல்யாணம். பெரிய இடம், டிராக்டர் வரிசையாக நிற்கிறது. தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது பிடித்தது மழை. கோடை மழை, காற்றும் இடியுமாக. சேகர் ஓடிப்போய் பாக்ஸ்கள் மேல் மலைத்துணியை (மேல்துணிக்குக் கடையில் இப்போது அதுதான் பெயர்) மாட்டினான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பாட்டு நிற்கவேயில்லை. பெண்ணின் அப்பா வந்து தோளில் கை போட்டார். "இன்னாமா தொழில் பண்றீங்க!" மனசு குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பும்போதும் மழை. ஏரிக்கரை வழியாகத்தான் வந்தோம். சேகர் வண்டியை மெதுவாக்கினான்.

"அண்ணே, கோவிந்தம்மா."

தன் புடவை ஒன்றை டெண்டின் மேல் போட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை முழுக்க அவள் மேல். புடவை வழியாகவும் உள்ளே ஒழுகியிருக்கும், வேறென்ன. வண்டிச் சத்தத்துக்குத் திரும்பினாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது.

"நிறுத்தாத. சாமான் இருக்குது" என்றேன்.

வண்டியில் மேல்துணி எல்லாம் மடித்து வைத்திருந்தது. ஒன்றைத் தூக்கிப் போட்டிருக்கலாம்தான். ஒன்று கொடுத்தால் மற்றவன் எல்லாம் வந்து நிற்பான். தொழில் என்றால் தொழில்.

சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஜாஸ்தி.

ஜூன் 1, ஞாயிறு

மூட்டம். புழுக்கம். சேகர் காலையில் சொன்னான், ராமசாமிக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதாம். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்களாம்.

கொண்டை போன் செய்தான். குரலில் பழைய தேன் இல்லை.

"அங்கிள், அந்தப் படத்துல டெண்டுக்கு ரெயின் ஷீட்டே இல்லையே? கீழ கமெண்ட்ல எல்லாரும் கேக்கறாங்க. எங்களுக்குக் கெட்ட பேரு. மாட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இன்னிக்கே. அதே தாத்தா, அதே டெண்ட்."

அடுத்த வருஷ ஆர்டர் இவன் கையில். கிளம்பினேன்.

சேகர் மேல்துணியைக் கொக்கி போட்டு மாட்டினான். உள்ளே இருட்டாகி, வெதுவெதுப்பாகி, டெண்ட் ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது. அது எனக்கே தெரிந்தது. கோவிந்தம்மா சுற்றிச் சுற்றி வந்து தொட்டாள். இவள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. குனிந்து உள்ளே சொன்னாள்: "ஏங்க, கூர வந்துடுச்சி. மொதலாளி எட்தாந்து குடுத்துட்டாரு."

உள்ளேயிருந்து இருமல்.

போனைச் சேகரிடம் கொடுத்து, உள்ளே ராமசாமி தெரிகிற மாதிரி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். நன்றாக வந்தது. அனுப்பினேன். "சூப்பர் அங்கிள்" வந்தது. பிறகு சேகரிடம் கழற்றச் சொன்னேன்.

அவன் நகரவில்லை. நானே கழற்ற ஆரம்பித்தேன். கோவிந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. உதவுகிறேன் என்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். புரிந்ததும் விடவில்லை.

"இன்னிக்கி ஒரு ராவு இருக்கட்டும் மொதலாளி. மானம் கருக்கிக்கினு நிக்குது. இவரு தாங்க மாட்டாரு. விடிஞ்சதும் நானே மடிச்சி எட்தாந்து குடுத்துடறேன்."

"விடிகால முகூர்த்தம்மா, சங்கராபுரத்துல. இப்பவே வண்டில ஏத்தணும். பாக்ஸ் நனைஞ்சா நீ பதில் சொல்லுவியா?"

"எத்தினி இருக்குது உங்ககிட்ட. ஒண்ணு."

"கைய எடு."

எடுத்தாள். மடித்துக்கூடக் கொடுத்தாள், ஓரம் ஓரமாகச் சேர்த்து. திட்டியிருந்தால் திரும்பத் திட்டிவிட்டு வந்திருப்பேன். வழியெல்லாம் எரிச்சல். சேகர் மேல் பாய்ந்தேன், வண்டியை மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டுகிறான் என்று.

ஜூன் 2, திங்கள்

சங்கராபுரம் முகூர்த்தம் அமர்க்களம். அங்கே ஒரு தூறல்கூட இல்லை. மேல்துணியை வண்டியிலிருந்து இறக்கவேயில்லை.

இங்கே நம் கள்ளக்குறிச்சியில் விடிய விடியக் கொட்டியதாம்.

கம்பெனி பேஜில் நேற்றுப் படம். மேல்துணி போட்ட டெண்ட், முன்னால் நான், கையைக் கட்டிக்கொண்டு. கீழே ஆயிரம் பேர் வாழ்த்து. தலைவர் சங்க குரூப்பில் போட்டு, "நம்ம ஊர் வள்ளல்" என்று எழுதியிருக்கிறார். மல்லிகாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைக் கையில் கொடுத்தாள்.

"அந்தத் துணி நேத்து சாயங்காலம் நம்ம வண்டியில இருந்துச்சே" என்றாள். அதோடு சரி.

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து நசநசவென்று தூறல். ரிஷிவந்தியத்தில் பெரிய சாவு, பண்ணைக்காரர். எழவுச் செட்டு பூரா அங்கே போயிருக்கிறது, பந்தல், பெஞ்சு, ஐஸ் பெட்டி. சேகர் கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். நான் நாளைய ரிசப்ஷனுக்கு விளக்குச் சரம் எரிய விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோவிந்தம்மா. நனைந்துபோய். கதவைத் தொடவில்லை, நின்றாள். சேகர் எழுந்து போய்த் திறந்துவிட்டான்.

"அவரு போயிட்டாரு மொதலாளி. விடியசொல்ல."

ஐயோ என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். சட்டைப் பையில் கை போயிற்று. அவள் தலையை ஆட்டினாள்.

"துட்டு வாணாம். எடுக்கறதுக்கு வண்டி மத்தியானம்தான் வருமாம். அது வரைக்கும் நனஞ்சிக்கினு கெடக்கறாரு. மேல போட ஒரு துணி குடுங்க. கட்டறதுக்குக்கூட ஆள் வாணாம், நானே புடிச்சிக்கினு நிக்கறேன்."

"எழவுச் செட்டு ரிஷிவந்தியம் போயிருக்குதேம்மா. கடையில ஒண்ணுமில்ல."

சேகர் குடோன் பக்கம் பார்த்தான். "அண்ணே, அந்த மலைத்துணி..."

"வாய மூடு."

"அத்தத்தான் கேக்கறேன்" என்றாள் அவள்.

பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் தொழிலில் இது விதி. சாவுக்குப் போகிற துணி தனி, கல்யாணத்துக்குப் போகிற துணி தனி. ஒரு தடவை பிணத்துக்கு மேல் கட்டினால் அப்புறம் அது மணமேடைப் பக்கம் போகக் கூடாது. தெரிந்தால் ஒருத்தன் ஆர்டர் கொடுக்க மாட்டான். இதெல்லாம் அவளுக்கும் தெரிந்த விஷயம்தான்.

"அது கல்யாணத்துக்குப் போற துணிம்மா. எழவுக்குக் குடுக்கக் கூடாது."

கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்கிற மாதிரி தலையைக்கூட அசைத்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. வாசல் தெளிக்க வாளி எங்கே என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அவரு உசுரோட இருக்கசொல்ல கேட்டேனே மொதலாளி. அப்ப அது எழவா?"

சேகர் வயரைக் கீழே வைத்துவிட்டான். போன் அடித்தது, நாளைய ரிசப்ஷன் பார்ட்டி. எடுத்து ஹலோ என்றேன்.